கணிப்பொறியில் தம்புரா மீட்டுவோம்
சி-சவுண்ட் மொழியின் உள்ளமைந்த கட்டளைகள்: ஒரு தொடக்கப் பாடம்



ஊரைவிட்டு வந்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் குடும்பங்களில் பாட்டுக் கற்கும் குழந்தைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களில் பலர் சுருதிக்குப் பயன்படுத்துவது மேசைமேல் இருக்கும் மின்விசைப்பலகை. ஒரு கட்டையை அமுக்கி, அது ஓயாமல் ஒலிக்கும்படி விட்டுவிட்டு, "ச ப ச" பாடுகிறார்கள். தம்புரா வைக்க வீட்டில் இடமில்லை. வைத்தாலும் அதற்கு ஜீவா பிடிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை. இளம் வயதில் காதில் ஏறிய சுருதி பிறகு எளிதில் இறங்காது என்று பாட்டு வாத்தியார்கள் எல்லோரும் சொல்வார்கள். ஆகவே காதில் ஏறுவது எது என்பதைப் பெரியவர்களாகிய நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

நான் சங்கீத வித்வான் அல்ல. இரயில்வேயில் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்கும் அளவுகோலும்தான் என் கருவிகள். அந்த வழியாகவே இந்தப் பாடத்தை எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பேரனும், ஏழு சுரங்கள் தெரிந்த பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் இதை ஒரு மாலையில் செய்து பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை.

விசைப்பலகையில் என்ன குறை?

குறை என்று சொல்வதைவிட, அது வேறு தேவைக்காகச் செய்யப்பட்டது என்பதே நியாயம். எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்தாலும் ஒரேமாதிரி வாசிக்க வேண்டும் என்பதற்காக ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தியதைப்போல் 1.05946 மடங்கு. நம் சுரங்களோ எளிய பின்னங்கள். ஷட்ஜத்துக்குப் பஞ்சமம் 3/2. அந்தர காந்தாரம் 5/4.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெண் குழந்தைகளுக்கு வழக்கமான ஐந்து கட்டைச் சுருதியில் ஷட்ஜம் நொடிக்கு 196 அதிர்வு. பஞ்சமம் 196 × 3/2 = 294. விசைப்பலகை தருவது 293.66. வித்தியாசம் மிகச் சிறிது. காந்தாரம் 196 × 5/4 = 245. விசைப்பலகை தருவது 246.94. இங்கே ஏறக்குறைய இரண்டு அதிர்வு கூடுதல். கேட்கும்போது இது எப்படித் தெரியும்? ஷட்ஜத்தின் ஐந்தாவது மேல்சுரம் 980. விசைப்பலகைக் காந்தாரத்தின் நான்காவது மேல்சுரம் 987.8. இரண்டும் ஒன்றோடொன்று மோதி, நொடிக்கு ஏறக்குறைய எட்டு முறை ஒலி ஏறி இறங்கும். இதை 'விம்மல்' என்போம். சுத்தமான 245-இல் அந்த விம்மல் இல்லை. குழந்தை பாடும் காந்தாரம் சரியாக இருந்தும் விசைப்பலகையோடு சேர்ந்தால் நெருடும். பிறகு குழந்தை தன் குரலை மாற்றிக்கொள்ளும்.

ஆகவே நமக்குத் தேவை, நாம் சொன்ன எண்ணை அப்படியே ஒலிக்கும் ஒரு கருவி. அதுதான் சி-சவுண்ட்.

சி-சவுண்ட் என்பது என்ன?

1957-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்ற பொறியாளர், ஐ.பி.எம். 704 கணிப்பொறியில் 'மியூசிக்' என்ற நிரலை எழுதி, 17 நொடி நீளமுள்ள ஓர் இசைத்துண்டை ஒலிக்கச் செய்தார். அதன் வழிவந்த நிரல்களில் ஒன்றுதான் சி-சவுண்ட். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த, நியூசிலாந்தில் பிறந்த பாரி வெர்கோ 1980-களின் நடுவில் இதை எழுதினார். பெயரிலுள்ள 'சி', அது எழுதப்பட்ட சி மொழியைக் குறிக்கிறது. பிறகு பல நாட்டவர் கூடி வளர்த்திருக்கிறார்கள். இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் இலவசமாக ஓடுகிறது.

இதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளமைந்த கட்டளைகள் உண்டு. பயப்பட வேண்டாம். சமையலறையில் எத்தனை பாத்திரம் இருந்தாலும் அன்றாடம் கை போவது ஆறேழு பாத்திரத்துக்குத்தான். நமக்கும் ஆறே கட்டளைகள் போதும். ஒவ்வொரு கட்டளையும் ஒரு சிறு இயந்திரம்: சில எண்களை வாங்கிக்கொண்டு ஒரு விடையைக் கொடுக்கும். ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுத்தால் வாத்தியம் ஆகிவிடும்.

ஒரு குறிப்பு: அச்சு வசதிக்காகக் கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணிப்பொறியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். ஒவ்வொன்றின் எழுத்துக்கூட்டலும் விளக்கத்தில் இருக்கிறது.

வாத்தியமும் தாளும்

சி-சவுண்ட் கோப்பில் இரண்டு முக்கியப் பகுதிகள். முதலாவதில் வாத்தியங்களைச் செய்கிறோம். இரண்டாவதில் எந்த வாத்தியம், எப்போது, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று எழுதுகிறோம். இந்த இரண்டாவதை இசைத்தாள் என்று வைத்துக்கொள்வோம். தச்சர் வீணையைச் செய்கிறார், வித்வான் வாசிக்கிறார். அந்தப் பிரிவினைதான்.

வாத்தியப் பகுதியின் தலைப்பில் நான்கு வரிகள்:

எஸ்ஆர் = 44100
கேஎஸ்எம்பிஎஸ் = 32
என்சிஎச்என்எல்எஸ் = 2
0டிபிஎஃப்எஸ் = 1

இவை நான்கும் எழுத்தெழுத்தாகவே அடிக்க வேண்டியவை. முதல் வரி, ஒலியை நொடிக்கு 44,100 எண்களாக எழுது என்கிறது. இரண்டாவது, மெதுவாக மாறும் விஷயங்களை 32 எண்களுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறது. அதாவது நொடிக்கு ஏறக்குறைய 1,378 முறை. மூன்றாவது, இடது வலது என்று இரண்டு ஒலிபெருக்கி. நான்காவது, ஒலியின் உச்ச அளவு 1. இந்த நான்காவது வரியை விட்டுவிட்டால் சி-சவுண்ட் உச்சத்தை 32,768 என்று எடுத்துக்கொள்ளும். நாம் கொடுக்கும் 0.2 காதிலேயே விழாது.

மூன்று வேகங்கள்

சி-சவுண்டில் ஒரு பெயரின் முதல் எழுத்தே அதன் வேகத்தைச் சொல்லும். ஆங்கில 'ஐ' எழுத்தில் தொடங்கினால், சுரம் தொடங்கும்போது ஒரே ஒருமுறை கணக்கிடப்படும். 'கே' என்றால் நொடிக்கு 1,378 முறை. 'ஏ' என்றால் 44,100 முறையும். வண்டி கிளம்புமுன் ஒருமுறை பார்க்கும் சீட்டு 'ஐ'. ஓட்டுநர் வழியில் அவ்வப்போது திருப்பும் கைப்பிடி 'கே'. விடாமல் சுழலும் சக்கரம் 'ஏ'. இந்த மூன்றும் மனதில் நின்றால் சி-சவுண்டில் பாதி வந்துவிட்டது.

முதல் பாடம்: மீட்டும் நாண்

இன்ஸ்ட்ர் 1
கேவடி லினென் பி4, 0.005, பி3, 0.5
ஏநாண் பிளக் கேவடி, பி5, பி5, 0, 1
அவுட்ஸ் ஏநாண், ஏநாண்
எண்டின்

'இன்ஸ்ட்ர்' (ஐ-என்-எஸ்-டி-ஆர்) வாத்தியத்தின் தொடக்கம். 'எண்டின்' (ஈ-என்-டி-ஐ-என்) முடிவு. நடுவிலுள்ள ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் விடையின் பெயர், அடுத்து கட்டளை, பிறகு அது வாங்கும் எண்கள். 'வடி', 'நாண்' என்பவை நான் வைத்த பெயர்கள். விருப்பம்போல் மாற்றலாம், முதல் எழுத்தை மட்டும் மாற்றக் கூடாது. பி3, பி4, பி5 என்பவை இசைத்தாளின் ஒரு வரியில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எண்கள்: நேரம், ஒலியளவு, அதிர்வு.

'லினென்' (எல்-ஐ-என்-ஈ-என்) ஒலியின் உருவத்தைத் தருகிறது. உயரம், ஏறும் நேரம், மொத்த நேரம், இறங்கும் நேரம் என்று நான்கு எண்கள். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் தொழிலாளியை இரயில் நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். நல்ல சக்கரம் நீண்டு ரீங்கரிக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று நின்றுவிடும். ஓர் ஒலி எப்படித் தொடங்கி எப்படி அடங்குகிறது என்பதிலிருந்தே அது எதன் ஒலி என்று காது கண்டுகொள்கிறது. லினென் இல்லாமல் சுரத்தை வெட்டினால் முடிவில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும்.

'பிளக்' (பி-எல்-யு-சி-கே) கட்டளைதான் இந்தப் பாடத்தின் அதிசயம். கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் என்ற இருவர் 1983-இல் வெளியிட்ட முறை இது. மந்தர ஷட்ஜம் 98 அதிர்வு. 44,100-ஐ 98-ஆல் வகுத்தால் 450. கணிப்பொறி 450 இடமுள்ள ஒரு வரிசையில் கண்டபடி எண்களை நிரப்புகிறது. அந்த வரிசையை வட்டமாகச் சுற்றிப் படிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் எண்ணுக்கும் பதிலாக, அதற்கும் பக்கத்து எண்ணுக்கும் சராசரியை வைக்கிறது. அவ்வளவுதான்! முதல் சுற்றில் அது வெறும் இரைச்சல். சராசரி எடுக்க எடுக்கக் கூர்மையான மேல்சுரங்கள் முதலில் கரைகின்றன. அடிச்சுரம் நின்று நிதானமாக அடங்குகிறது. விரலால் மீட்டிய நாணில் நடப்பதும் இதுவே. கடைசியில் உள்ள 0, கண்டபடி எண்களால் நிரப்பு என்றும், 1, எளிய சராசரி எடு என்றும் பொருள்படும். மந்தர நாண் நீண்ட நேரம் ஒலிப்பதும், மேல்நாண் சீக்கிரம் அடங்குவதும் நாம் சொல்லாமலே தானாக வரும். ஏனென்றால் வரிசை குறுகக் குறுகச் சுற்றுகள் அதிகம்.

'அவுட்ஸ்' (ஓ-யு-டி-எஸ்) ஒலியை இரு ஒலிபெருக்கிக்கும் அனுப்புகிறது.

இனி இசைத்தாள். தம்புராவின் நான்கு தந்திகள் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். ஐந்து கட்டைக்கு அவற்றின் அதிர்வு 147, 196, 196, 98.

ஐ 1 0 6 0.2 147
ஐ 1 1.5 6 0.2 196
ஐ 1 3 6 0.2 196
ஐ 1 4.5 7 0.2 98
ஈ

வரியின் முதல் 'ஐ' (ஆங்கிலச் சிறிய எழுத்து) வாத்தியத்தை அழைக்கிறது. அடுத்து வாத்திய எண், தொடங்கும் நொடி, நீளம், அளவு, அதிர்வு. கடைசி 'ஈ', தாளின் முடிவு. வாத்தியப் பகுதியில் எண்களுக்கு நடுவே காற்புள்ளி வேண்டும். இசைத்தாளில் வெறும் இடைவெளிதான்.

அடுத்த சுற்றுக்கு இந்த நான்கு வரிகளையே படியெடுத்து, தொடங்கும் நொடிகளில் 6, 12, 18 என்று கூட்டிக்கொண்டே போகலாம். பகுதியைத் திருப்பி வாசிக்க 'ஆர்' என்று ஒரு கட்டளை உண்டு. ஆனால் அது கடைசி நாண் முழுதும் அடங்கிய பிறகே மறுபடி தொடங்கும். தம்புராவில் ஒரு நாதம் அடங்குமுன் அடுத்தது கலக்க வேண்டும் என்பதால் அது நமக்கு உதவாது.

கோப்பைச் சேமித்து ஓட்டும்போது கட்டளைக் குறிப்புப் பகுதியில் கழித்தல் குறி, ஓ, டி, ஏ, சி என்று இடைவெளியின்றிச் சேர்த்து எழுதினால் ஒலி நேரே ஒலிபெருக்கிக்கு வரும். முதல் தடவை ஒலியைக் குறைத்து வைத்தே கேளுங்கள். காதுக்குள் வைக்கும் கருவியில் வேண்டவே வேண்டாம். ஓர் எண்ணில் புள்ளி தவறினாலும் ஒலி பத்து மடங்காகும்.

இரண்டாம் பாடம்: ஜீவா

முதல் பாடத்தின் ஒலி கித்தார் போல இருக்கும். தம்புராவின் உயிரான அந்த ரீங்காரம் இராது. உண்மைத் தம்புராவில் குதிரை அகலமாகவும் வளைந்தும் இருக்கிறது; தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூல். அதிரும் தந்தி குதிரையின் வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுவதால் மேல்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்புகின்றன. சர் சி.வி. இராமன் 1921-இலேயே வீணை, தம்புராவின் குதிரையை ஆராய்ந்து எழுதினார். சாதாரணத் தந்தியில் மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேல்சுரங்கள் எழாமல் போகும் என்பது பழைய விதி. நம் வாத்தியங்களில் அந்தச் சுரங்களும் ஒலிப்பதைக் கண்டு, அதற்கு இந்தக் குதிரையே காரணம் என்று காட்டினார்.

இந்த ரீங்காரத்துக்கு அருகே வர ஒரு வழி, பெல் ஆய்வுக்கூடத்தில் மாத்யூஸுடன் பணியாற்றிய பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான்-கிளோத் ரிஸே 1969-இல் தம் 'மியூட்டேஷன்ஸ்' என்ற படைப்பில் கையாண்டது. அதற்கு இரண்டு கட்டளைகள்.

முதலில் இசைத்தாளின் தலைப்பில் ஓர் அலைவடிவம்:

எஃப் 1 0 16384 10 1 0 0 0 0.7 0.7 0.7 0.7 0.7 0.7

'எஃப்' ஓர் அட்டவணையைத் தயாரிக்கிறது. அட்டவணை எண் 1, 0-ஆம் நொடியில், 16,384 இடங்கள், பத்தாம் எண் தயாரிப்பு முறை. பிறகு வரும் பத்து எண்களும் முதல் மேல்சுரத்திலிருந்து பத்தாவது வரை ஒவ்வொன்றின் பங்கு. அடிச்சுரம் முழுதாக, 2, 3, 4 இல்லை, 5 முதல் 10 வரை 0.7.

இன்ஸ்ட்ர் 2
கேவடி லினென் பி4, 1, பி3, 2
ஏ1 ஆஸிலி கேவடி, பி5, 1
ஏ2 ஆஸிலி கேவடி, பி5 + 0.03, 1
ஏ3 ஆஸிலி கேவடி, பி5 - 0.03, 1

இதேபோல் 0.06, 0.09, 0.12 கூட்டியும் கழித்தும் ஏ9 வரை எழுதி, ஒன்பதையும் கூட்டி 'அவுட்ஸ்' கொடுத்து 'எண்டின்' போடுங்கள். தாளில் 'ஐ 2 0 40 0.03 98' என்று ஒரு வரி. 'ஆஸிலி' (ஓ-எஸ்-சி-ஐ-எல்-ஐ) அட்டவணையைத் திரும்பத் திரும்பப் படித்து ஒலியாக்கும். கடைசி 'ஐ' இல்லாமலும் ஒரு கட்டளை உண்டு. அது இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள மதிப்பைக் கணக்கிடாததால் சற்றே கரகரக்கும்.

ஒன்பது ஒலியும் ஏறக்குறைய ஒன்றே. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு 0.03 அதிர்வு தள்ளி. அடிச்சுரங்கள் மறுபடி ஒன்றுகூட 33 நொடி ஆகும். ஆனால் பத்தாவது மேல்சுரத்துக்கு இடைவெளி 0.3, அது 3.3 நொடியிலேயே ஒன்றுகூடி ஒலிக்கும். ஒன்பதாவது 3.7-இல், எட்டாவது 4.2-இல், ஏழாவது 4.8-இல், ஆறாவது 5.6-இல், ஐந்தாவது 6.7-இல். கையில் கடிகாரத்தை வைத்துச் சரிபார்க்கலாம்.

இப்போது பாட்டியைக் கூப்பிடுங்கள். இந்த மேல்சுரங்கள் என்ன சுரங்கள்? பத்தாவது காந்தாரம், ஒன்பதாவது ரிஷபம், எட்டாவது ஷட்ஜம், ஏழாவது கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே, ஆறாவது பஞ்சமம், ஐந்தாவது மறுபடி காந்தாரம். "க ரி ச நி ப க" என்று ஓர் இறக்கம், நாம் எழுதாமலே, ஒரு ஷட்ஜத்துக்குள்ளிருந்து கேட்கும். நல்ல தம்புராவில் காந்தாரம் தானே பேசும் என்று பெரியவர்கள் சொல்வதை நாற்பது நொடியில் குழந்தை தன் காதால் கேட்டுவிடும். அந்தக் காந்தாரம் 5/4 காந்தாரம், விசைப்பலகையினுடையது அல்ல.

மூன்றாம் பாடம்: சுரத்தை நகர்த்துதல்

நம் இசையில் சுரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அதற்கு 'எக்ஸ்ப்சேக்' (ஈ-எக்ஸ்-பி-எஸ்-ஈ-ஜி).

இன்ஸ்ட்ர் 3
கேவடி லினென் பி4, 0.1, பி3, 0.3
கேசுர எக்ஸ்ப்சேக் பி5, பி3*0.3, பி5, பி3*0.2, பி6, பி3*0.5, பி6
ஏஒலி ஆஸிலி கேவடி, கேசுர, 1
அவுட்ஸ் ஏஒலி, ஏஒலி
எண்டின்

'ஐ 3 0 3 0.2 220.5 245' என்று தாளில் எழுதினால் ரிஷபத்தில் சற்று நின்று, வழுக்கி, காந்தாரத்தில் போய் அமரும். மதிப்பு, நேரம், மதிப்பு, நேரம் என்று மாறிமாறி எழுத வேண்டும். காது சுரங்களை வித்தியாசமாக அல்ல, விகிதமாகவே கேட்கிறது. ஆகவே அதிர்வை நகர்த்த விகிதப்படி போகும் இந்தக் கட்டளையே பொருத்தம். ஒரு விதி: இதில் எங்கும் 0 வரக் கூடாது. எத்தனை முறை பாதியாக்கினாலும் எண் சூனியம் ஆகாதல்லவா? சூனியம் வேண்டுமானால் நேர்கோட்டில் போகும் 'லின்சேக்' (எல்-ஐ-என்-எஸ்-ஈ-ஜி) உண்டு.

இதைக் கேட்டுவிட்டு "கமகம் வந்துவிட்டது" என்று யாரும் நினைக்க வேண்டாம். வழுக்கல் வந்திருக்கிறது. எந்த ராகத்தில், எந்த இடத்தில், எவ்வளவு என்பதைக் குருவின் முன் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். கணிப்பொறியின் வேலை, சொன்ன சுருதியைச் சொன்னபடி நிறுத்துவது.

வீட்டுப் பயிற்சி

1. உங்கள் வீட்டுச் சுருதிக்கு எண்களை மாற்றுங்கள். ஒரு கட்டை 130.8, ஒன்றரைக் கட்டை 138.6, இரண்டு 146.8, நான்கு 174.6, ஐந்தரை 207.7; ஆறு 220. பஞ்சமத் தந்திக்கு முக்கால் பங்கு, மந்தரத்துக்குப் பாதி.

2. அனுசாரணியை 196-க்குப் பதில் 196.3 ஆக்கிக் கேளுங்கள். சாரணியோடு மூன்று நொடிக்கு ஒருமுறை மெல்ல விம்மும். 198 ஆக்கினால் நெருடும். எங்கே அழகு முடிந்து எங்கே அபசுருதி தொடங்குகிறது என்று குழந்தையைச் சொல்லச் சொல்லுங்கள்.

3. இரண்டாம் வாத்தியத்தோடு சேர்த்து, மூன்றாம் வாத்தியத்தில் பி5, பி6 இரண்டுக்கும் 245 கொடுத்துக் கேளுங்கள். பிறகு 246.94 கொடுங்கள். எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணை மூடிக் கண்டுபிடிக்கட்டும்.

4. சங்கராபரணத்தின் மற்றச் சுரங்கள்: ரி 9/8, ம 4/3, த 5/3 (27/16 என்று கொள்வோரும் உண்டு), நி 15/8. ஐந்து கட்டைக்கு எண்களைக் கணக்கிட்டு, முதல் வாத்தியத்தில் ஆரோகணம் எழுதுங்கள். தைவதத்துக்கு இரண்டு பின்னத்தையும் போட்டு, வீட்டில் பாடத் தெரிந்தவரைக் கேட்கச் சொல்லி முடிவு செய்யுங்கள்.

சி-சவுண்டின் கையேட்டில் பெரும்பாலான கட்டளைகளுக்கு ஓடக்கூடிய உதாரணக் கோப்பும் சேர்ந்தே இருக்கிறது. இந்த ஆறு கட்டளைகள் கைவந்த பிள்ளைகள் மற்றவற்றைத் தாமே அங்கே படித்துக்கொள்வார்கள். மூன்றாவது பயிற்சியை மட்டும் ஒரு வாரம் விடாமல் செய்து பார்க்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்லத் தொடங்கிய குழந்தையை, அதன்பின் விசைப்பலகைச் சுருதிக்குப் பாடச் சொல்லிப் பாருங்கள். காந்தாரத்தில் முகம் சுளித்தால் பாடம் பலித்தது என்று அர்த்தம்.